உட்காருதல்: பதினைந்து நிமிடம்

ஓல்ட்டன் ரயில் நிலையத்துச் சாப்பாட்டுக் கடையில் நான் மேசை துடைத்த நாட்களில்தான் ஒட்மார் நூன்லிஸ்ட்டை முதலில் பார்த்தேன். வகுப்பு முடிந்து மத்தியானம் வேலைக்கு வருவேன். செவ்வாய்க்கிழமை தவறாமல் இரண்டு பத்துக்கு அவர் வந்து ஜன்னலோர மேசையில் உட்கார்வார். ஒருநாள் காப்பியை வைக்கும்போது கை தடுமாறி, அவர் விரித்து வைத்திருந்த தாளில் சிந்திவிட்டது. கோடு போட்டு, கட்டம் கட்டி, பரீட்சைக்கு எழுதியதைப் போல எழுதிய தாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"விடுங்க தம்பி," என்றார், தாளைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே. "அந்த வண்டி போயி நாலு வருஷம் ஆச்சு."

போய்விட்ட வண்டிக்கு இன்னும் எதற்குத் தாள் என்று கேட்டேன். அந்தக் குளிர்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக அவர் சொன்ன பதில்தான் இது.

ஒட்மார் முப்பத்து நான்கு வருடம் ட்ரிம்பாக் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். வாத்தியார் இல்லை. கட்டடம் அவர் பொறுப்பு. சாவிக்கொத்து, கொதிகலன், தரை, ஜன்னல் கண்ணாடி, பனி விழுந்தால் விடிவதற்குள் வாசலை வழித்து உப்புத் தூவுவது, எல்லாம் அவர் கையில். பள்ளிக்கூடத்துக்குள்ளேயே மூன்று அறை வீடு. மனைவி மார்க்ரித், ஒரே மகள் கரீன்.

பிள்ளைகளுக்கு லீவு விட்டால்தான் அவருக்கு வேலை ஆரம்பிக்கும். கோடை லீவில் பதினெட்டு வகுப்பறையின் மேசை நாற்காலிகளையும் வெளியே தூக்கி வைத்து, தரையைச் சுரண்டி, மெழுகு பூசி, காயவிட்டு, மறுபடி பூசவேண்டும். இலையுதிர்கால லீவில் கொதிகலன். வசந்தகால லீவில் ஜன்னல். கரீனும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். மகளுக்கு லீவு விடும்போது அப்பாவுக்கு வேலை, அப்பா சும்மா இருக்கும்போது மகளுக்கு வகுப்பு. மூன்று பேரும் சேர்ந்து ஊரைத் தாண்டி ஒரு ராத்திரி தங்கியதில்லை.

ஆனால் வருடா வருடம் ஜனவரியில் ஒட்மார் பயணம் போட்டார். சமையலறை மேசையில் ரயில் கால அட்டவணைப் புத்தகத்தை விரித்து, அடிக்கோலும் இரண்டு பென்சிலுமாக உட்கார்ந்தால் இரண்டு வாரம் மனிதர் அதில்தான் இருப்பார். வெனிஸ், வியன்னா, ஆம்ஸ்டர்டாம், ஒரு வருடம் லிஸ்பன் வரைக்கும். எந்த ஊரில் எத்தனை மணிக்கு இறங்குவது, எந்த நடைமேடையிலிருந்து எதற்கு மாறுவது, எந்தப் பக்க ஜன்னலில் ஏரி தெரியும், எங்கே டிராம் பிடிப்பது என்று ஒன்றுவிடாமல் எழுதுவார். மார்க்ரித் பின்னிக்கொண்டே, "அந்த விடுதில காலைல முட்டை உண்டா?" என்று கேட்பாள். அதற்கும் அவரிடம் பதில் இருக்கும். கரீன் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்ப் பெயருக்கெல்லாம் கலர் அடிப்பாள்.

அவளுக்கு ஒன்பது வயதானபோது ஜூலை பதினொன்று, காலை ஆறு இரண்டு, வெனிஸ் என்று தாளில் இருந்தது. அன்றைக்கு அவள் ஐந்தரைக்கே எழுந்து, குளியல் உடுப்பும் பொம்மையும் வைத்த சின்னப் பெட்டியோடு வாசலில் நின்றாள். அப்பா கீழ்த்தளத்தில் முட்டி போட்டு மெழுகு பூசிக்கொண்டிருந்தார்.

"அப்பா, வண்டி போயிடும்."

"எந்த வண்டி?" என்றார் ஒட்மார். பிறகு பெட்டியைப் பார்த்தார். "இல்ல கண்ணு. தரை காயணுமே."

அது வெறும் தாள் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

கரீன் பத்தொன்பது வயதில் வீட்டை விட்டுப் போனாள். பல ஊர் சுற்றி வந்து லைப்சிக்கில் நிலைத்தாள். காது கேட்கும் கருவி பொருத்தும் கடையில் வேலை. கிறிஸ்துமஸுக்கு ஒருநாள் வருவாள், மறுநாள் கிளம்பிவிடுவாள். ஒட்மார் ஓய்வுபெற்றதும் பள்ளிக்கூட வீட்டை ஒப்படைத்துவிட்டு ஓல்ட்டனில் மூன்றாம் மாடிக்குக் குடிவந்தார்கள். இப்போதாவது லிஸ்பன் போகலாம் என்று மார்க்ரித் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டே குளிர்காலம். மூன்றாவது குளிர்காலத்தில் அவளே போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள், அம்மாவின் துணிமணிகளை ஒதுக்கிக்கொண்டிருந்த கரீன் ஒரு இழுப்பறையைத் திறந்தாள். இருபத்து மூன்று பயணத் தாள்கள், வருட வாரியாக. ஒவ்வொன்றிலும் மூலைக்கு மூலை ஒரு கோடு கிழித்து, அடியில் தேதி போட்டு ஒரு வரி எழுதியிருந்தது. பள்ளிக்கூட வேலைப் பதிவேட்டில் எழுதும் அதே கையெழுத்து. நடக்கவில்லை. காரணம்: தரை மெழுகு. நடக்கவில்லை. காரணம்: கொதிகலன். நடக்கவில்லை. காரணம்: கூரை ஒழுக்கு.

அவள் வெனிஸ் தாளை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். கலர் பென்சில் இன்னும் மங்கவில்லை.

"ஏம்ப்பா, போகமாட்டோம்னு தெரிஞ்சேதான் எழுதினியா?"

"எழுதும்போது தெரியாது," என்றார் ஒட்மார். "எழுதி முடிச்சப்புறம்தான் தெரியும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வர்ற மே மாசம் விண்ணேற்றத் திருநாளுக்கு நாலு நாள் சேந்தாப்ல லீவு. எங்கயாச்சும் போவோம். ஒரே ஒரு தடவ," என்றாள். "ஆனா ஒண்ணு. இதுலயும் கோடு போட்டன்னா, இனிமே நாம இதப் பத்திப் பேசவே வேணாம்."

"போடமாட்டேன்," என்றார்.

ஜனவரி பிறந்தது. ஒட்மார் மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார். தட்டு ஒன்று, கரண்டி ஒன்று என்று சுருங்கிப்போன வீட்டில், அந்த இரண்டு வாரம் மட்டும் இரண்டு பேர் இருப்பது போல இருந்தது. போகும் ஊர் வெரோனா. தாளில் இரண்டு பத்தி: இடப்பக்கம் ஒ., வலப்பக்கம் க. அவர் ஸூரிக் வழியாக இன்ஸ்ப்ருக் வருகிறார். அவள் லைப்சிக்கிலிருந்து ம்யூனிக் வந்து, வெரோனா போகும் வண்டியில் ஏறுகிறாள். அந்த வண்டி இன்ஸ்ப்ருக்கில் நிற்கும்போது அவர் ஏறி, ஒன்பதாம் பெட்டியில் அவள் எதிரே உட்கார்கிறார். அங்கிருந்து இரண்டு பத்தியும் ஒன்றாகிவிடும். அந்த இடத்தில் கோட்டை மட்டும் அவர் இரண்டு தடவை அழுத்திப் போட்டார்.

தாளை நகலெடுத்துத் தபாலில் அனுப்பினார். மின்னஞ்சல் போட மாட்டீங்களா என்று கேட்டேன். "தபால்னா அவ பதில் எழுதுவா," என்றார்.

அவளும் எழுதினாள். அந்தத் தாளிலேயே, அடியில், பென்சிலால் ஒரே வரி. "இவ்வளவு இருக்கே, நாம உட்கார்றது எங்க?"

ஒட்மார் தாளை முன்னும் பின்னும் பார்த்தார். அவள் சொன்னது சரிதான். நடப்பது, பார்ப்பது, மாறுவது, சாப்பிடுவது எல்லாம் இருந்தது. அவர் நகரசபை நூலகத்துக்குப் போய் வெரோனாவின் வரைபடத்தையும் படங்களையும் இரண்டு மத்தியானம் புரட்டினார். பிறகு முதல்நாள் கட்டத்தில் சேர்த்து எழுதினார்: "17:10 முதல் 17:25 வரை: உட்காருதல். பழைய வட்ட அரங்குக்கு எதிர்ப் பூங்கா, நுழைந்ததும் இடப்புறம் மூன்றாவது பெஞ்சு. நிழல்." திருத்திய தாளை மறுபடி நகலெடுத்து அவளுக்கு அனுப்பினார்.

பிப்ரவரியில் தாளை எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை மேசைக்கு வந்தார். அங்கே அவருக்கு ஒரே கூட்டாளி ஊர்ஸ் ஹாக்மான். கூரைக்கு ஓடு வேய்ந்து ஓய்வுபெற்றவர். ஊர்ஸ் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார்.

"இன்ஸ்ப்ருக்ல வந்து எறங்கறது பதினொண்ணு பதினாலு. அந்த வண்டி கெளம்பறது பதினொண்ணு இருபது. ஆறு நிமிஷமா?"

"ஆறு நிமிஷம்."

"ரொம்ப ஜாஸ்திடா. ஆறு நிமிஷத்துல நான் ஒரு பியர் குடிச்சு, அத எறக்கிட்டும் வந்துடுவேன்."

"உன் வேகத்துல பெல்ட்ட அவுக்கவே ஆறு நிமிஷம் ஆகும்."

"பொண்ணு கண்ணாடில மூக்க ஒட்டிக்கிட்டு நிப்பா, இவர் நடைமேடைல ஓடுவாரு. சினிமா மாதிரி."

இருவரும் சிரித்தார்கள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சந்தேகமும் இல்லை. ஓல்ட்டன்காரர்களுக்கு எப்படி வரும்? எட்டுத் திசையிலிருந்தும் வண்டிகள் வந்து ஒரே நேரத்தில் சேர்ந்து, ஒன்றையொன்று பார்த்துவிட்டு ஒரே நேரத்தில் பிரிகிற ஊர் அது. எதிர்ப்புற வண்டிக்கு நான்கு நிமிடம் என்றால் நான்கு நிமிடம். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களும் அதில் மாறிவிடுவார்கள். அட்டவணையில் எழுதியிருப்பது அவர்களுக்கு நாளை சூரியன் உதிப்பதைப் போல.

சீட்டு கொடுக்கும் இடத்தில் இருந்த கிஸின் என்ற பெண்மணிக்கு மட்டும் ஒப்பவில்லை. பத்தொன்பது வருடமாக வெளிநாட்டுச் சீட்டு கொடுப்பவள்.

"ஹெர் நூன்லிஸ்ட், இதுக்கு முந்தின வண்டில போங்களேன். எல்லையத் தாண்டினா அரைமணிக்குக் குறைச்சு நான் யாருக்கும் எழுதித் தர்றதில்ல."

"முந்தின வண்டில போனா ரெண்டு மணிநேரம் சும்மா உட்காரணும், ஃப்ராவ் கிஸின்."

"உட்காருங்களேன். காப்பி குடிங்க. ஊரப் பாருங்க."

"இன்ஸ்ப்ருக் என் திட்டத்துல இல்லீங்க."

"அது ஆல்ப்ஸ் மலை. மரம் விழும், கல் விழும்."

"ஆறு நிமிஷம்னு போட்டிருக்காங்கல்ல? முடியாதுன்னா போட்டிருக்கமாட்டாங்க," என்றார் ஒட்மார். கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னார். அந்தப் பெண்மணி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சீட்டைக் கொடுத்தாள்.

விண்ணேற்றத் திருநாள் வியாழக்கிழமை காலை, மார்க்ரித் வாங்கிக் கொடுத்த பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். குடுவையில் ஓவல்டின், காகிதத்தில் சுற்றிய பாலாடைக்கட்டி ரொட்டி இரண்டு. ஒன்று அவளுக்கு. ஸூரிக்கில் வண்டி நேரத்துக்கு எடுத்தது. புக்ஸ் எல்லையில் வண்டி திரும்பி ஓடத் தொடங்கும் என்பதைக் கணக்குப் பண்ணி இடம் பிடித்திருந்தார். மற்றவர்களெல்லாம் பின்புறமாகப் போக, அவர் மட்டும் முன்பார்த்துப் போனார். அந்தச் சின்னச் சந்தோஷத்தைச் சொல்லப் பக்கத்தில் ஆளில்லை.

லாண்டெக்குக்கு முன்னால், ஒரு மாட்டுக் கொட்டிலின் பக்கத்தில் வண்டி நின்றது. முந்தைய நாள் மழையில் பாதையோரம் மரம் ஒன்று சாய்ந்துவிட்டதாம். யாரும் பதறவில்லை. எதிரே இருந்த பெரியவர் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒட்மார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு நிமிடம் போனது. அப்புறம் பத்து. அப்புறம் பார்ப்பதை நிறுத்திவிட்டார். பத்தொன்பது நிமிடம் கழித்து வண்டி நகர்ந்தது.

இன்ஸ்ப்ருக்கில் இறங்கியபோது பதினொன்று முப்பத்து மூன்று. வெரோனா வண்டி நின்ற நடைமேடையில் ஒருவர் கூட்டிக்கொண்டிருந்தார்.

சட்டைப்பையில் பொத்தான் வைத்த பழைய கைபேசி இருந்தது. முன்பணம் போட்டுப் பேசுவது. முதல் மணியிலேயே கரீன் எடுத்தாள்.

"அப்பா! எங்க இருக்க? ஜன்னல்ல எட்டி எட்டிப் பாத்தேன்."

"மரம் விழுந்துடுச்சு."

"உனக்கு ஒண்ணும் ஆகலல்ல? சரி விடு. நான் வழியில போட்ஸன்ல எறங்கி நிக்கிறேன். அடுத்த வண்டில வந்து சேரு."

"அடுத்தது ரெண்டு மணிநேரம் கழிச்சுதான். அதுல நமக்கு முன்பதிவு இல்ல. அப்படின்னா வெரோனாக்குப் போய்ச் சேர அஞ்சு ஆயிடும். விடுதி, அரங்கு, எல்லாமே தள்ளிப்போகும். சாப்பாட்டுக்கு ஆறே முக்கால்னு சொல்லியிருக்கேன்..."

"அப்பா. தள்ளிப்போகட்டும்."

"ஒண்ணு தள்ளிப்போனா எல்லாம் போச்சு கரீன்." அவர் தாளைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தார். எதிர் நடைமேடைப் பலகை கண்ணில் பட்டது. வாயில் வந்துவிட்டது. "பன்னெண்டு நிமிஷத்துல ஸூரிக் வண்டி இருக்கு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சுரங்கமோ என்று நினைத்தார். பிறகு அவள் குரல் வந்தது, ரொம்பச் சின்னதாக.

"ஏறிக்கோ. வழக்கம்போல."

அதோடு பேச்சு நின்றுவிட்டது. அவள் துண்டித்துவிட்டாள் என்று அவர் நினைத்தார்.

காலே நடத்திக்கொண்டு போய் அவரை ஸூரிக் வண்டியில் உட்காரவைத்தது. பெட்டியில் கூட்டமில்லை. இந்த வண்டியில் போனால் விளக்கு வைப்பதற்கு முன் வீடு. அவர் குடுவையைத் திறக்கவில்லை. தாளை மடியில் வைத்து, பென்சிலை எடுத்து, இருபத்து மூன்று தடவை செய்ததையே செய்தார். அடியில் தேதி போட்டார். நடக்கவில்லை என்று எழுதினார். காரணம் என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்தார்.

அதற்கு மேல் பென்சில் ஓடவில்லை. மரம் என்று எழுதலாம். ஆனால் மரத்தை வெட்டி எடுத்தாகிவிட்டது, வண்டிகள் ஓடுகின்றன. தரை இல்லை, கொதிகலன் இல்லை, பள்ளிக்கூடச் சாவியை ஒப்படைத்து மூன்று வருடம் ஆகிறது. இருபத்து மூன்று தாளிலும் காரணத்தைப் பள்ளிக்கூடம் கொடுத்தது. இதற்கு அவரேதான் கொடுக்கவேண்டும். வெளியே விசில் சத்தம் கேட்டது. ஒட்மார் எழுந்து, மூடப்போன கதவில் பையைக் கொடுத்து நிறுத்தி, இறங்கினார். உள்ளிருந்து யாரோ திட்டினார்கள். பாதி எழுதிய வரியை அழிப்பதற்கும் அவருக்கு நேரமில்லை.

அடுத்த பெரிய வண்டிக்குக் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு ஊரிலும் நின்று போகும் வண்டியில் ஏறினார். எப்போது போய்ச் சேரும் என்று தெரியாமல் அவர் ஏறிய முதல் வண்டி அதுதான். எல்லையிலுள்ள ப்ரென்னரில் எல்லோரும் இறங்கினார்கள், அவரும் இறங்கினார். எல்லோரும் எதில் ஏறினார்களோ அதில் ஏறினார். ஆற்றையும் ஆப்பிள் தோட்டங்களையும் பார்த்துக்கொண்டு இரண்டு இருபதுக்குப் போட்ஸனில் இறங்கினார். அவள் எதிர்பார்த்ததைவிட ஒருமணி நேரம் முன்னாடியே வந்துவிட்டோம் என்று ஒரு பெருமை.

நடைமேடையில் கரீன் இல்லை.

ஊருக்குள் நடந்துவிட்டு வருவாள், அடுத்த வண்டி வரும் நேரத்துக்கு வந்துவிடுவாள் என்று பெஞ்சில் உட்கார்ந்தார். மூன்று இருபத்தேழு வண்டி வந்தது, போனது. கைபேசியை அழுத்தினால், பணம் தீர்ந்துவிட்டது என்று ஒரு பெண் குரல் சொன்னது. எல்லை தாண்டிப் பேசியதில் எல்லாம் கரைந்துவிட்டிருந்தது. இனி அழைப்பு வரவும் வராது. அப்போதுதான் இன்ஸ்ப்ருக்கில் பேச்சு நின்றது யாரால் என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

பக்கத்தில் இருந்தவர்களிடம் போன் கேட்டிருக்கலாம். முப்பத்து நான்கு வருடம் அடுத்தவர்களுக்குக் கதவு திறந்துவிட்ட மனிதர். தனக்காக ஒரு கதவைத் தட்டிப் பழக்கமில்லை. ஐந்து இருபத்தேழு வண்டியையும் விட்டார். தெற்கேயிருந்து வரும் வண்டிகளில் ஒருவேளை திரும்பி வருவாளோ என்று அவற்றையும் பார்த்தார். ஒரு ரொட்டியைத் தின்றார். இன்னொன்றைத் திரும்பச் சுற்றி வைத்தார். ஏழு இருபத்தேழுக்கு ஏறினார்.

வெரோனா விடுதியில் வரவேற்பில் இருந்த பெண் பதிவேட்டைப் பார்த்து, அந்த அம்மா மத்தியானமே வந்துவிட்டார், பதினொன்றாம் அறை என்றாள். அவருக்குப் பன்னிரண்டு. மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. பதினொன்றாம் அறைக் கதவின் அடியில் வெளிச்சமில்லை. விடிகாலை நான்கு மணிக்கு லைப்சிக்கில் எழுந்திருப்பாள். கையைத் தூக்கினார். இறக்கினார். தன் அறைக்குப் போய், ஆறிப்போன ஓவல்டினைக் கட்டிலில் உட்கார்ந்து குடித்தார். தாளில் அடுத்த வரி: "7:30, காலை உணவு."

ஏழு இருபத்தைந்துக்கே சாப்பாட்டு அறையில் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். ஏழரைக்குக் கரீன் படியிறங்கி வந்தாள். கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

"நீ ஸூரிக் போகல?"

"ஏறினேன். எறங்கிட்டேன்."

"நாலு தடவ கூப்டேன்."

"அதுல காசு தீந்துபோச்சு."

"நீ கட் பண்ணிட்டன்னு நினைச்சேன்."

"நீ பண்ணிட்டன்னு நான் நினைச்சேன்."

அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள். பரிமாற வந்த பெண் இருவருக்கும் காப்பி ஊற்றினாள்.

"அப்புறம் ராத்திரி வரைக்கும் எங்க இருந்த?"

"போட்ஸன்ல."

"போட்ஸன்ல எதுக்கு?"

"நீ எறங்கி நிக்கிறேன்னு சொன்னியே."

கரீன் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் எறங்கலப்பா. கோவம். நீ வீட்டுக்குத்தான் போவன்னு நினைச்சேன். இவரு பேப்பர்படியே இந்தத் தடவ நான் போயிப் பாக்கறேன்னு ஒரு வீம்பு. மூணு மணிக்கு எறங்கினேன். மூணரைக்கு விடுதி. எல்லாத்தையும் நீ எழுதின நேரத்துக்குப் பண்ணேன். அஞ்சு பத்துக்கு அந்தப் பூங்கா. எடது பக்கம் மூணாவது பெஞ்சு."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு. உட்கார்ந்தேன். பதினஞ்சு நிமிஷம்."

"நிழலா?"

"நிழல்தான்," என்றாள் கரீன். "நீ நிழல்னுதானே எழுதியிருந்த."

ஒட்மார் காகிதத்தில் சுற்றிய ரொட்டியை மேசையில் வைத்தார். நேற்றையது, காய்ந்து விறைத்திருந்தது. அவள் அதைக் காப்பியில் நனைத்து முழுவதையும் சாப்பிட்டாள்.

அதற்குப்பின் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அன்றைக்குத் தாளை விடுதியிலேயே விட்டுவிட்டு வெளியே போனார்கள். இரண்டு தெரு நடப்பதற்குள் பேச்சு தீர்ந்துவிட்டது. அவள் கடையைப் பற்றி அவர் கேட்டார், அவள் சொன்னாள். அவர் முட்டி வலியைப் பற்றி அவள் கேட்டாள், அவர் சொன்னார். அம்மாவைப் பற்றி இருவரும் கேட்கவில்லை. பாலத்தில் நின்று ரொம்ப நேரம் தண்ணீரைப் பார்த்தார்கள். கடைசியில் கரீன்தான், "அந்தப் பேப்பர எடுத்துட்டு வாப்பா," என்றாள். தாள் வந்ததும் கொஞ்சம் சுலபமாயிற்று. எந்த டிராம், எந்த வாசல், ஏன் இந்த நேரம், ஏன் அந்தப் பக்கம் என்று கேட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார். இரண்டு நாளும் ஒருவரோடொருவர் பேசியதெல்லாம் ஏறக்குறைய அட்டவணையைப் பற்றித்தான்.

அந்தப் பெஞ்சுக்கு மறுபடி போகவில்லை. அந்த நேரம் தாளில் முதல்நாளுக்கு மட்டும்தான் இருந்தது. அவள் கேட்பாள் என்று அவர் இருந்தார். அவர் கூப்பிடுவார் என்று அவள் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெரோனா நிலையத்தில் அவள் வண்டி ம்யூனிக்குக்கு, அவருடையது மிலானுக்கு. அவளுடையது முதலில். ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் தாளின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். க. என்ற பத்தி அவள் வண்டியோடு முடிந்திருந்தது. ஒ. என்ற பத்தியில் இன்னும் ஒரு வரி இருந்தது. "11 நிமிடம்: நடைமேடையில் நிற்றல் (ஒ. மட்டும்)."

அவள் ஜன்னலைத் தட்டினாள். அது திறக்கிற ஜன்னல் இல்லை. தாளை மடித்துக்கொண்டு கதவுக்கு ஓடி வந்தாள்.

"முன்ன போற வண்டி உனக்கும் இருந்துச்சேப்பா. ஏன் இதுல போட்ட?"

"நீ தனியா நிக்கக்கூடாதுல்ல."

அவள் என்னமோ சொல்ல வாயெடுத்தாள். கதவு மூடுகிற மணி அடித்தது. தாளை மட்டும் அவர் கையில் திணித்தாள். பதினோரு நிமிடமும் ஒட்மார் அங்கேயே நின்றார். அந்த ஒரு இணைப்பு பிசகவில்லை.

மிலான் வண்டியில் அவர் முதல்நாள் தாளை எடுத்து, இன்ஸ்ப்ருக்கில் பாதியில் விட்டிருந்த வரியை ரப்பரால் அழித்தார். கோடு போடவில்லை. அந்த இடத்தில் எழுதியது இரண்டே சொல்: "பாதி நடந்தது."

என் காப்பி சிந்தியது அந்தத் தாளில்தான். அது இழுப்பறைக்குப் போகவில்லை. கோட்டின் உள்பையில் இருக்கிறது.

ஒட்மாருக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. ஓல்ட்டனில் அதே மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறார். செவ்வாய்க்கிழமை மேசைக்கு வருகிறார். ஊர்ஸ் போன வருடம் மகன் வீட்டோடு பெர்ன் போய்விட்டதால் அங்கேயும் இப்போது அவர் மட்டும்தான். யாராவது பயணம் போட்டுத் தரச் சொன்னால் போட்டுத் தருகிறார், எல்லைக்கு அப்பால் அரைமணி விட்டு. கரீன் லைப்சிக்கில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறாள். இருவரும் அதற்குப்பின் சேர்ந்து எங்கும் போகவில்லை.